இங்கிலாந்து ராசா என்று சொல்லாதீர்கள்: கனடாவை விளக்குவோர் விடும் தவறுகள்

போன கோடையில் ஸ்காபறோவிலிருந்து ஒட்டாவா போன பஸ்ஸில் கடைசி இருக்கையில் இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த உறவினர்களால் பஸ் நிறைந்திருந்தது. மைக் பிடித்திருந்த வழிகாட்டி புதுப் பொடியன், கெட்டிக்காரன். பாராளுமன்றக் குன்று கண்ணில் பட்டதும் சொன்னான்: "கனடா சுதந்திர நாடுதான். ஆனா இங்கிலாந்து ராசாதான் இன்னும் தலைவர். சும்மா ஒரு சம்பிரதாயம்." பஸ் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வேலைக்கு வந்த புதிதில் அதே வசனத்தை, அதே வளைவில், நானும் சொல்லியிருக்கிறேன்.

தலைநகரம் ரொறன்ரோ என்று வாய் தவறுவதையெல்லாம் விட்டுவிடுகிறேன். யாராவது ஒருவர் சிரித்தால் அது தானாகத் திருந்திவிடும். கீழே சொல்லும் தவறுகள் அப்படித் திருந்துவதில்லை.

"இங்கே எல்லாருக்கும் இரண்டு மொழியும் தெரியும்"

தெரியாது. 2021 கணக்கெடுப்பின்படி 18 சதவீதம் பேருக்குத்தான் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் தெரியும்.

நாட்டின் மொழியையும் மாகாணத்தின் மொழியையும் குழப்புவது

1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. இரண்டு மொழியிலும் பதில் சொல்லவேண்டிய கடமை அரசுக்கு; குடிமகனுக்கு ஒரு மொழி போதும். மாகாணங்கள் தனிக்கதை. பத்து மாகாணங்களில் நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான் சட்டப்படி இருமொழி மாகாணம். கியூபெக்கில் பிரெஞ்சு மட்டுமே ஆட்சிமொழி. ஒட்டாவா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கியூபெக்கின் கற்றினோ நகருக்குள் நுழைந்தால், எட்டுமூலைச் சிவப்புப் பலகையில் 'அரே' (பிரெஞ்சில் 'நில்') என்று நிற்கும். பிரான்சிலேயே அந்தப் பலகையில் 'ஸ்டொப்' என்றுதான் எழுதியிருக்கிறது. இதைச் சொன்னால் நித்திரையில் இருப்பவரும் எழும்புவார்.

கியூபெக்கை ஈழத்தோடு ஒப்பிடுவது

பாதி பொருந்தும், மீதி காலை வாரும். அவர்கள் நாட்டளவில் சிறுபான்மை, சொந்த மாகாணத்தில் பெரும்பான்மை. 1977இல் அவர்கள் கொண்டுவந்த 101ஆம் சட்டம் கடைப் பலகைகளிலிருந்து ஆங்கிலத்தை இறக்கியது. உங்கள் பஸ்ஸில் இருப்பவர் இலங்கையின் 1956 தனிச் சிங்களச் சட்டத்தை நினைத்துக்கொண்டு, "அப்ப இதில ஆர் சிங்களவன்?" என்று கேட்பார். பதில் இல்லாமல் ஒப்பிடப் போகாதீர்கள்.

"இங்கிலாந்து ராசா"

2010இல் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்குக் குடியுரிமை கிடைக்கும் நேரம். உறுதிமொழி எடுப்பது ஒன்றுதான் பாக்கி. இலங்கையில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர், காகிதத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் வாசிக்கிற ஆள். "தம்பி, இதென்ன ராணிக்குச் சத்தியம்?" என்று கேட்டார். நான் பெரிய விளக்கக்காரன் அல்லவா? "அது இங்கிலாந்து ராணி ஐயா. சும்மா ஒரு சடங்கு. வாயை அசைச்சுப்போட்டு வாங்கோ" என்றேன்.

அவர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "வெள்ளைக்காரன்ர ராணிக்கு நான் ஏன் சத்தியம் பண்ண வேணும்? சத்தியத்தைச் சும்மா எண்டும் சொல்லுறீர்" என்றார். குறித்த நாளில் போகவேயில்லை. அடுத்த வருடம் லண்டனில் தம்பியின் மகளுக்குக் கல்யாணம். இலங்கைக் கடவுச்சீட்டில் விசா கேட்டு, அது கைக்கு வந்தபோது பெண் வீட்டில் பந்தலே பிரித்துவிட்டார்கள். ஒரு வசனத்தில் இரண்டு பிழை விட்டவன் நான், கல்யாணத்தைத் தவறவிட்டவர் அவர்.

உறுதிமொழியில் 'இங்கிலாந்து' என்ற சொல்லே இல்லை. அன்று 'கனடாவின் அரசி' என்றிருந்தது, இன்று 'கனடாவின் அரசர்'. 1931இன் வெஸ்ட்மின்ஸ்ரர் சட்டத்தோடு லண்டனுக்குக் கனடாவை ஆளும் பிடி தளர்ந்தது. 1953இல் கனடாப் பாராளுமன்றம் சட்டமியற்றி எலிசபெத்துக்குக் கனடாவின் அரசி என்ற பட்டத்தைக் கொடுத்தது. 1982 ஏப்ரல் 17இல் அரசியலமைப்பு முழுதாகக் கனடாவின் கைக்கு வந்தது. அன்று எலிசபெத் பாராளுமன்றக் குன்றில் திறந்த வெளியில் இருந்து கையெழுத்துப் போட்டார். மழை. துளி பட்டு மை கசிந்த அடையாளம் அந்தப் பத்திரத்தில் இன்றும் இருக்கிறது.

ஒரே ஆள் கோயில் தர்மகர்த்தாவாகவும் வாசிகசாலைத் தலைவராகவும் இருப்பதை ஊரில் கண்டிருப்பீர்கள். அதற்காக வாசிகசாலைக் கூட்டத்தில் எழும்பிக் கோயில் கணக்குக் கேட்க முடியுமா? சார்ள்ஸ் இப்படிப் பதினைந்து நாடுகளின் தலைவர், ஒவ்வொன்றும் தனிப் பதவி. 2025 மே மாதம் ஒட்டாவா வந்து பாராளுமன்றத்தைத் திறந்துவைத்து அவர் வாசித்த சிம்மாசன உரையை எழுதியது கனடா அரசாங்கம், லண்டன் அல்ல.

பெரியவருக்கு இதையெல்லாம் நான் பிறகுதான் படித்துச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "எங்கட மகாதேசாதிபதி மாதிரியோ?" என்றார். அந்தச் சொல் எனக்கு வந்திருக்க வேண்டும். 1972 வரை எலிசபெத் இலங்கைக்கும் அரசிதான். சேர் ஒலிவர் குணதிலக அவருடைய பெயரில்தான் மகாதேசாதிபதியாக, அதாவது கவர்னர் ஜெனரலாக, இருந்தார். 'மாட்சிமை தங்கிய அரசியின் சேவையில்' என்பதன் நாலெழுத்து, ஓ.எச்.எம்.எஸ்., அச்சடித்த மண்ணிறக் கடித உறைகளைப் பெரியவர் வருடக்கணக்கில் ஒட்டியிருக்கிறார். "அப்ப நான் இவவுக்கு முந்தியே வேலை செய்தனான்" என்று சிரித்தார். திரும்ப விண்ணப்பித்துப் போய்ச் சத்தியம் எடுத்தார்.

சென்னைக்காரர் கேட்டால் ராஜாஜியைச் சொல்லுங்கள். 1948 முதல் 1950 வரை அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். ஆறாம் ஜோர்ஜின் பிரதிநிதி, ஆனால் கேட்டு நடந்தது நேருவின் அமைச்சரவை சொன்னதை.

"சும்மா பொம்மை"

மேலே சொன்னதற்கு இது தம்பி. 1926இல் தேர்தல் கேட்ட பிரதமருக்கு ஆளுநர் நாயகம் (கனடாவில் அரசரின் பிரதிநிதி, நம் மகாதேசாதிபதிதான்) பிங் பிரபு முடியாது என்றார். (அந்தப் பிரதமரின் பெயரே கிங். மைக்கில் சொல்லும்போது கவனம்.) அடுத்து வந்த தேர்தலில் வென்றது கிங்தான். 2008 டிசம்பரில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தப்ப, பாராளுமன்றத்தை ஒத்திவைக்கச் சொல்லிக் கேட்டுப் போனபோது ஆளுநர் நாயகம் மிஷேல் ஜோன் உடனே தலையாட்டவில்லை. இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஹார்ப்பர் ஆளுநர் நாயகத்தின் ரீடோ மாளிகையில் இருக்கவேண்டி வந்தது. கடைசியில் சம்மதம் கிடைத்தது. அந்த இரண்டு மணிநேரம் நாடே மூச்சுப் பிடித்துக்கொண்டிருந்தது, பொம்மைக்கு யார் அப்படிக் காத்திருப்பார்கள்?

"ராசாவுக்கு எங்கட வரிக்காசில சம்பளம்"

சம்பளம் இல்லை. வந்து போகும் செலவு உண்டு.

பிரெஞ்சை மொழிபெயர்ப்பு என்று நினைப்பது

மத்திய சட்டங்களின் இரண்டு வடிவங்களும் மூலம்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல் தெளிவில்லை என்றால் நீதிபதி பிரெஞ்சைத் திறந்து பார்ப்பார். தேசியகீதமோ 1880இல் பிரெஞ்சில்தான் பிறந்தது. அதில் வாளும் சிலுவையும் வரும், ஆங்கிலத்தில் இரண்டும் இல்லை. கீதம் ஒலிக்கும்போது "அதையேதான் பிரெஞ்சில பாடுகினம்" என்று பக்கத்தில் இருப்பவருக்குக் கிசுகிசுக்காதீர்கள்.

இரண்டோடு நிறுத்துவது

2021இல் பதவியேற்ற மேரி சைமன் முதல் பூர்வகுடி ஆளுநர் நாயகம். ஆங்கிலமும், இனுயிட் பூர்வகுடியின் மொழியான இனுக்டிடுட்டும் பேசுவார். பிரெஞ்சு சரளமில்லை என்று முறைப்பாடுகள் குவிந்தன. இருமொழி நாட்டில் இரண்டு மொழி பேசுகிறவர்மேல் ஏன் குறை என்று பஸ்ஸில் கேளுங்கள். திரும்பும் வழியில் கிங்ஸ்டன் வரும்வரை விவாதம் ஓயாது.

தெரிந்ததெல்லாம் சொல்வது

பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள். பத்திரத்தில் விழுந்த மழைத்துளிக் கதையோடு மைக்கை வையுங்கள்.