ஆர்வத்தையும் திறனையும் தனித்தனியே அளந்து தொழிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தொழிலைத் தேர்ந்தெடுக்க முற்படும் பலர், தமக்கு எது பிடிக்கும் என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பிடித்தம் ஆர்வத்தை மட்டுமே காட்டும். ஒரு வேலையை எவ்வளவு எளிதாகக் கற்றுத் தேற முடியும் என்பது இயல்திறனைப் பொறுத்தது. இவை எப்போதும் சேர்ந்தே அமைவதில்லை என்பதால், தனித்தனியே அளப்பதே முறை.

முதலில் ஆர்வம். சில வாரங்களுக்கு, எந்தச் செயல்களில் நேரம் போவது தெரியாமல் ஈடுபடுகிறீர்கள் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். ஆனால் பாடத்தின் பெயரை எழுதாமல், செய்த செயலை எழுதுங்கள். உயிரியல் பிடிக்கும் என்று சொல்லும் மூவரில் ஒருவருக்கு ஆய்வகத்தில் அறுத்துப் பார்ப்பதும், இன்னொருவருக்கு உறுப்புகளை வரைவதும், மற்றவருக்குத் தோழர்களுக்கு விளக்கிச் சொல்வதும் பிடித்திருக்கலாம். அவர்கள் செல்ல வேண்டிய வழிகள் வெவ்வேறு. நல்ல ஆசிரியராலோ மதிப்பெண்ணாலோ ஏற்பட்ட விருப்பத்தையும், தொழிலின் புகழால் வந்த கவர்ச்சியையும் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள்.

அந்தக் குறிப்புகளை வகைப்படுத்த, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு உதவும். கருவிகளோடு உழைத்தல், ஆராய்தல், கலைப் படைப்பு, பிறருக்கு உதவுதல், முன்னின்று நடத்துதல், ஒழுங்காகப் பதிந்து பேணுதல் என ஆர்வங்களை அவர் ஆறாகப் பிரித்து, அறுகோணத்தின் ஆறு முனைகளில் அதே வரிசையில் வைத்தார். அடுத்தடுத்த முனைகள் ஒத்தவை. எதிரெதிர் முனைகள் மாறுபட்டவை. கலையும் ஒழுங்குமுறையும் போன்ற எதிர்முனைகள் இரண்டும் மேலோங்கி நின்றால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒன்றைத் தொழிலாகவும் மற்றதைப் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொள்ளலாம். ஆறும் ஒரே அளவில் இருந்தால், அனுபவம் போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இயல்திறனுக்கு, மொழி, எண், தருக்கம், இடவெளி உணர்வு (உருவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன்), இயந்திர அறிவு ஆகியவற்றைச் சோதிக்கும் தேர்வுகள் உள்ளன. அவற்றின் முடிவில் வரும் சதமானம் மதிப்பெண் அன்று. 70 என்றால், ஒப்பிடப்பட்ட குழுவில் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பேரைவிட மேலான நிலை என்று பொருள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் யார் என்று கேட்காமல் அந்த எண்ணை நம்ப வேண்டாம். தேர்வு நடந்த மொழியில் பழக்கம் குறைவாக இருந்தால், கணக்கில் வல்லவரும் பின்தங்குவார். ஆகவே தேர்வோடு நில்லாமல், புதிய சிறு பணி ஒன்றை எடுத்து இரண்டு வாரம் பயின்று, உங்களோடு தொடங்கியவர்களைவிட விரைவாகத் தேறுகிறீர்களா என்று பாருங்கள். என் கணிப்பில் இதுவே தேர்வைவிட நம்பகமான சான்று.

இரண்டு முடிவுகளும் முரண்படும் இடத்தில்தான் கவனம் தேவை. ஆர்வம் மிகுந்து திறன் நடுத்தரமாக இருந்தால், துறையை விடாமல் அதே துறைக்குள் வேறு பணியைத் தேடலாம். திறன் மிகுந்து ஆர்வம் குறைந்திருப்பதே சிக்கலான நிலை, ஏனெனில் சுற்றியுள்ள அனைவரும் அந்தப் பக்கமே தள்ளுவார்கள். முடிவெடுக்கும் முன், அந்தத் தொழிலில் இருப்பவரிடம் ஒரு சாதாரண நாளில் அவர் மணிக்கு மணி என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அதில் மிகவும் சலிப்பூட்டும் பகுதியைக் கேட்ட பின்பும் விருப்பம் குறையாவிட்டால், குறுகிய காலப் பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம்.