இடம் மாறியிருந்த ஆக்சிஜன் சென்சார்: என் அனுபவம்

காரின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் காட்டிய குறியீடு பி0135. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார்களில் முதலாவதைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். ஆனால் காரை முன்பு வைத்திருந்தவர் சைலன்சர் குழாயையே மாற்றியிருந்தார்; கையேட்டின் படம் உதவவில்லை. எஞ்சின் பக்கத்து இணைப்பிலிருந்து வயரைத் தொடர்ந்து டார்ச் அடித்துப் போனேன். வண்டிக்கு அடியில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் சென்சார் இருந்தது. பின்னால் இருப்பது இரண்டாவது சென்சார், குழம்பிவிடக் கூடாது.

துரு பிடித்த மரை அசையவில்லை. புளியரையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி, "தம்பி, எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் திருப்புங்கள்" என்றார். அருமையான யோசனை. துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் அவர் சொன்னபடி எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்தேன். காரைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, கையுறை மாட்டி, வயர் நுழையப் பிளவுள்ள 22 மி.மீ. சாக்கெட்டைப் போட்டேன். சாதாரண ஸ்பேனர் முனைகளை மழுக்கிவிடும். ஒரே சீரான அழுத்தத்தில் இளகியது.

புதியதை முதலில் கையாலேயே திருகினேன். மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை சென்சாரின் நுனியில் படவே கூடாது. பட்டால் சென்சார் வீண். பழைய வயர் குழாயில் உரசி உருகியிருந்தது. அதனால் புது வயருக்கு வெப்பம் தாங்கும் உறை போட்டு, விலக்கிக் கட்டினேன்.