அடுப்படியை விட்டு நகராத குழந்தைக்கு ஒரு மூலை

ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தையைச் சமையலறையிலிருந்து விரட்டுவதைக் காட்டிலும், அடுப்புக்கு எட்டாத, ஆனால் நம் கண்ணில் படுகிற ஒரு மூலையை அதற்கென ஒதுக்கிவிடுவதே நல்லது. அங்கே எவர்சில்வர் டம்ளர், டபரா, மரக்கரண்டி, மூடியுள்ள சம்புடம் ஆகியவற்றை வையுங்கள்.

குழந்தையின் முன் ஒரு தாம்பாளத்தை வைத்து, டம்ளரில் பாதியளவு தண்ணீர் கொடுத்தால், காபி ஆற்றுவதுபோல் டபராவுக்கும் டம்ளருக்குமாக மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருக்கும். முதல் சில நாள்களில் பாதித் தண்ணீர் தாம்பாளத்தில்தான் விழும். பிறகு, விளிம்போடு விளிம்பைச் சேர்த்துவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்க்கத் தானாகவே கற்றுக்கொள்ளும். அதன் கையைப் பிடித்துத் திருத்த வேண்டாம். பக்கத்தில் பழைய துண்டு ஒன்றை வைத்தால் துடைக்கவும் முன்வரும். தரை இன்னும் அதிகமாக நனையும் என்பது வேறு விஷயம்.

வேர்க்கடலை, பட்டாணி, புளியங்கொட்டை போன்றவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். அவை மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். சில அங்குலத் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடலாம் என்பதால், வாளியை உடனுக்குடன் கவிழ்த்துவிடுங்கள். எடை பார்க்கும் கருவியிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாகக்கூடும். வாந்தியெடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.