பழைய கவலைக் கிணற்றின் வரலாற்றை அறிவது எப்படி

சேர்வராயன் மலையடிவாரத்துத் தோட்டங்களில் தூர்ந்து கிடக்கும் கவலைக் கிணறுகளின் (மாடுகளைப் பூட்டித் தோல் பையால் நீர் இறைத்த கிணறுகளின்) வரலாற்றைத் தொகுக்க விரும்புவோர், ஆவணங்களைத் தேடும் முன் கிணற்றின் விளிம்பையே முதலில் பார்க்க வேண்டும். உருளை பொருத்திய கல்தூண்கள், வடம் உராய்ந்து பள்ளமான கற்கள், மாடுகள் தோல் பறியை இழுத்தபடி இறங்கிய சரிவுப் பாதை ஆகியவற்றை அளந்து, படமெடுத்துக்கொள்ளுங்கள். சரிவின் நீளம் தண்ணீர் இருந்த ஆழத்தை ஒட்டியே அமைந்திருக்கும் என்பதால், அக்காலத்து நீர்மட்டத்தை அதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். ஒரே கிணற்றில் இரண்டு சரிவுகள் தென்பட்டால், அங்கே இரண்டு கவலைகள் ஓடின என்று கொள்ளலாம். பங்காளிகள் முறை வைத்து இறைத்தார்களா என்பதைப் பத்திரங்களில் சரிபார்க்க வேண்டும்.

அடுத்து, புல எண்ணைக் கொண்டு அடங்கல் என்னும் கிராம நிலப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். பழைய கிரயப் பத்திரங்களே என் கணிப்பில் மிகுந்த பயன் தருபவை. கிணற்றில் உள்ள பாகமும் வண்டித்தட பாத்தியமும் அவற்றில் விரிவாக எழுதப்பட்டிருக்கும். சுவர்க் கட்டுமானத்தை மட்டும் நம்பிக் காலம் கணிக்க வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருக்கக்கூடும்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டு, அங்கே 1937-இல் மின் உற்பத்தி தொடங்கியது. ஆயினும் கவலைக்கு மாற்றான மின் மோட்டார் ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் வந்ததால், கவலை நின்ற ஆண்டை மூத்த குடியானவர்களிடமும் பழைய மின் கட்டண அட்டைகளிலும்தான் தேட வேண்டும்.