தீராத நெஞ்சுச் சளி: காசநோய்க்குப் பின் நாம் செய்யும் தவறுகள்

காசநோய் குணமாகி ஆண்டுகள் கழிந்த பிறகும் பலருக்கு இருமல் விடுவதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ச்சல், பச்சைச் சளி, மூச்சிரைப்பு, மருந்துக்கடையில் ஐந்து நாள் மாத்திரை, கொஞ்சம் ஆறுதல், மறுபடியும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சளி பிடித்துவிட்டது என்று நினைப்பதுதான் முதல் தவறு. பெரும்பாலும் கிருமி உள்ளேயே தங்கியிருக்கிறது.

மூச்சுக்குழலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேலே தள்ளுகின்றன. காசநோயோ, சிறுவயதில் வந்த கடுமையான நிமோனியாவோ அந்தச் சுவரைச் சிதைத்தால் குழல் நிரந்தரமாக விரிந்துவிடும். விரிந்த இடத்தில் சளி தேங்கும். அதில் ஹீமோஃபிலஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறும். அவற்றைக் கொல்ல வரும் வெள்ளை அணுக்கள் வெளியிடும் நொதிகள் குழலின் சுவரையும் சேர்த்தே அரிக்கின்றன. சுவர் கெடக் கெட இன்னும் சளி, இன்னும் கிருமி. இந்த விஷச் சுழலை 1986-ல் விளக்கியவர் பிரிட்டிஷ் மருத்துவர் பீட்டர் கோல்.

ஆகவே காய்ச்சல் இல்லாத நாட்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதே, என் பார்வையில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. தேங்கிய சளியைத் தினமும் வெளியேற்ற வேண்டும். நிதானமாகச் சில மூச்சு, பிறகு ஆழமாக இழுத்து மூன்று நொடி நிறுத்தல், பிறகு கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதைப் போல வாயைத் திறந்து வேகமாக ஊதுதல். சளி தொண்டைக்கு ஏறியதும் இருமித் துப்பிவிடலாம். எந்தப் பக்கம் படுத்துச் செய்ய வேண்டும் என்பது பாதிப்பு எங்கே என்பதைப் பொறுத்தது; இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள். சளி நிறைய வருபவர்கள் இருமலை அடக்கும் சிரப்பைத் தாங்களாக வாங்கிக் குடிப்பது, வெளியேற வேண்டியதை உள்ளே பூட்டுவதாகும்.

அடுத்தது ஆன்டிபயாடிக். பரிசோதனைக்குச் சளி கொடுக்கும் முன்பே மாத்திரையைத் தொடங்கினால் எந்தக் கிருமி என்பது தெரியாமலே போகலாம். அமாக்ஸிசிலின் சூடோமோனாஸை ஒன்றும் செய்யாது. லீவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் என்பதால், காசநோய் உண்மையிலேயே திரும்பியிருந்தால் கண்டுபிடிப்பது தாமதமாகும். விரிந்த மூச்சுக்குழலில் கிருமி கிளர்ந்தெழும்போது பொதுவாக 14 நாள் மருந்து தருகிறார்கள். மூன்றாம் நாளே தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது.

நிறத்தை மட்டும் பார்த்துப் பயப்படுவதும் சரியல்ல. வெள்ளை அணுக்களில் உள்ள பச்சை நிற நொதிதான் சளிக்கு அந்த நிறத்தைத் தருகிறது. சிலருக்கு நல்ல நாளிலும் மஞ்சளாகவே வரும். உங்கள் வழக்கமான நிறமும் அளவும் என்ன என்று தெரிந்துவைத்திருங்கள். அதிலிருந்து மாறி, மூச்சிரைப்பும் கூடினால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய தழும்பு எக்ஸ்ரேயில் ஆயுள் முழுக்கத் தெரியும். அந்த நிழலை மட்டும் வைத்துக் காசநோய் மருந்தை மறுபடி தொடங்குவதும் நடக்கிறது. சளிப் பரிசோதனை செய்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள். சளியில் ரத்தம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, சிகிச்சை அட்டை இரண்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.