பல்கலைக்கழக ஆய்வு, தொழில்நுட்பப் பணிகள்: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் பணிக்கோ லேப் டெக்னீஷியன் பணிக்கோ அறிவிப்பு வந்தால், பலரும் சம்பளத்தையும் கடைசித் தேதியையும் பார்த்துவிட்டு உடனே பயோடேட்டாவை அனுப்பிவிடுகிறார்கள். அத்தியாவசியத் தகுதிகள், விரும்பத்தக்க தகுதிகள் என்று இருக்கும் இரண்டு பட்டியல்களை நிதானமாகப் படிப்பதில்லை. பல இடங்களில் தேர்வுக்குழு அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மதிப்பெண் போடுகிறது. தகுதி உங்களிடம் இருந்தும் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டால், அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது. அதனால் ஒவ்வொரு தகுதிக்கும் ஓர் உதாரணமாவது எழுதுங்கள். விரும்பத்தக்க தகுதியில் ஒன்று குறைகிறதே என்று விண்ணப்பிக்காமல் விடுவதும் தவறுதான். அத்தியாவசியத் தகுதி இல்லையென்றால் மட்டும் அடுத்த அறிவிப்புக்குப் போங்கள்.

அடுத்தது, "எங்கள் குழு செய்தது" என்றே எழுதிக்கொண்டு போவது. ஆய்வு கூட்டு முயற்சிதான், சரி. ஆனால் அதில் நீங்கள் செய்தது எது? ஆய்விதழ்கள் பல இன்று பின்பற்றும் கிரெடிட் என்ற வகைப்பாடு, ஓர் ஆய்வில் ஒருவர் ஆற்றும் பங்கை 14 வகையாகப் பிரிக்கிறது: முறையியல், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, சரிபார்ப்பு என்று. அதை வைத்துப் பார்த்தால் உங்கள் பங்கைச் சொல்ல வார்த்தை கிடைக்கும்.

தொழில்நுட்பப் பணிக்கு விண்ணப்பிப்பவர்கள் இதில் தங்களுக்கே அநியாயம் செய்துகொள்கிறார்கள். "மைக்ராஸ்கோப் இயக்கத் தெரியும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எந்த வகைக் கருவி, அளவுத்திருத்தம் செய்தது யார், முன்பதிவைப் பார்த்துக்கொண்டது யார், புதிய மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது யார்? இதையெல்லாம் எழுத வேண்டும். ரசாயனக் கழிவைக் கையாண்டது, பாதுகாப்புச் சோதனைக்கு ஆவணங்கள் தயாரித்தது போன்ற வேலைகளைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ஓர் ஆய்வகத்தை நம்பி ஒப்படைக்கலாமா என்று பார்க்கிறவர்களுக்கு அவைதான் முக்கியம்.

ஆய்வாளர்கள் சிலர் இதழ்களின் இம்பாக்ட் ஃபாக்டரை, அதாவது ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணை, வரிசையாக அடுக்குகிறார்கள். அந்த எண் இதழைப் பற்றியது, உங்கள் கட்டுரையைப் பற்றியது அல்ல. பணி நியமனத்தில் அதை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்கிறது ஆய்வை எப்படி மதிப்பிட வேண்டும் என்பது பற்றி 2012-இல் உருவான டோரா பிரகடனம். ஏராளமான நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்கள் கட்டுரையில் புதிதாகத் தெரிய வந்தது என்ன என்று இரண்டு வரி எழுதினால் அதற்கு மேல் பலன் உண்டு.

பரிந்துரையாளர் பெயரை அவரிடம் கேட்காமல் போடாதீர்கள். வெளிநாட்டுப் பணி என்றால் விண்ணப்பிக்கும் கடைசி நேரம் எந்த நாட்டு நேரப்படி என்று பாருங்கள். நேர்காணலே இல்லாமல் நியமனக் கடிதம் அனுப்பிப் பணம் கேட்டால் அது மோசடி. அறிவிப்பு பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

அப்புறம், ஒப்பந்தக் காலம். இந்தப் பணிகளில் பல, ஓர் ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைத்த நிதியில் ஓடுபவை. நிதி முடிந்தால் பணியும் முடியும். எத்தனை மாதங்களுக்கு நிதி உறுதியாகியிருக்கிறது, நீட்டிப்பு எதைப் பொறுத்தது என்று நேர்காணலிலேயே கேளுங்கள். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். திட்டத் தலைவர்களுக்கு இது வழக்கமான கேள்விதான்.