தென்கோபியில் இடம் தேடுவது எப்படி

மங்கோலியாவின் 21 ஐமக்குகளில், அதாவது மாகாணங்களில், பரப்பளவில் பெரியது ஓம்னோகோவி, அதாவது தென்கோபி: ஏறத்தாழ 1,65,000 சதுர கி.மீ. சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள்கூடத் தேறாது. மாகாணத் தலைநகர் தலன்சத்கத்தைத் தாண்டிவிட்டால் தெருப்பெயர், கதவு எண் எதுவும் கைகொடுக்காது. நிர்வாகப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் தேட வேண்டும்.

முகவரியை மேலிருந்து கீழாகப் படியுங்கள். முதலில் ஐமக், அதற்குள் சும் (மாவட்டம் போன்றது), அதற்குள் பாக் (சும்மின் உட்பிரிவு). இந்த மாகாணத்தில் 15 சும்கள். சராசரியாக ஒவ்வொன்றும் 11,000 சதுர கி.மீ. வரைபடத்தில் சும் பெயரோடு தெரியும் புள்ளி அதன் மைய ஊர் மட்டுமே. ஆளுநர் அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் எல்லாம் அங்கேதான். ஓயு தோல்கோய் சுரங்கம் ஹன்போக்த் சும்மில் இருக்கிறது என்றால் ஹன்போக்த் ஊரில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஊரைவிட்டு வெகுதூரம் தள்ளிக் கிடக்கிறது.

அடிக்கடி ஏமாற்றும் பெயர் புல்கன். டைனோசர் முட்டைகள் கிடைத்த பயன்சக் செம்பாறைகள் ஓம்னோகோவியின் புல்கன் சும்மில் உள்ளன. வடக்கே புல்கன் என்றே தனி ஐமக் உண்டு. வேறு ஐமக்குகளிலும் புல்கன் சும்கள் உண்டு. செயலியில் வெறும் பெயரைத் தட்டினால் நாட்டுத் தலைநகர் உலான்பத்தோருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். பயான்-ஓவோ என்ற சும் பெயரும் இப்படித்தான். எப்போதும் ஐமக் பெயரைச் சேர்த்தே தேடுங்கள்.

மேய்ச்சல் குடும்பத்தைத் தேடுகிறீர்களா? கோடையில் குறித்த ஜிபிஎஸ் புள்ளியைக் குளிர்காலத்தில் நம்பாதீர்கள். கெர் கூடாரம் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், பதிவு மட்டும் அதே பாக்கில் இருக்கும். பாக் தலைவரைக் கேட்பதே குறுக்குவழி. குளிர்கால இருப்பிடம் பெரும்பாலும் மாறாது: காற்று மறைவான மலைச்சரிவு, கால்நடைக் கொட்டில், காலடியில் கெட்டித்துப்போன சாணப்படுகை.

தார்ச்சாலையை விட்டு இறங்கினால் தடங்கள் விரல்களாகப் பிரியும். சில மறுபடி சேரும், சில யாரோ ஒருவரின் கிணற்றோடு முடிந்துவிடும். எனவே தடத்தை நம்பாமல் திசையை நம்பி, கால்மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள். கைபேசி சிக்னல் மைய ஊரைச் சுற்றித்தான் உறுதி. வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். டேங்க் பாதி இருந்தாலும் ஒவ்வொரு மைய ஊரிலும் நிரப்புங்கள்.

நோயோன், குர்வன்தெஸ் போன்ற தெற்குச் சும்கள் சீன எல்லையைத் தொடுபவை. எல்லைப் பகுதிக்குள் போக வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி தேவை. அதைப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள்.